இன்டர் 4, பார்சா 3: நம்மைத் தோற்கடித்தது ஹை லைன்தானா?

திருப்பூர் பார்சா

சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது லெக் (2025 மே 6, மிலானின் சான் சிரோ மைதானம்). நம்ம ஊர் நேரம் மூணு மணி தாண்டி மேட்ச் முடிந்தது, இன்னும் தூக்கம் வரவில்லை. காலையில் இருந்து எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரே பாட்டுத்தான்: "கோச் ஃபிளிக்கின் ஹை லைன் பார்சாவைக் கொன்றுவிட்டது." ஹை லைன் என்றால், டிஃபென்ஸ் தன் கோலை விட்டு மைதான நடுப்பக்கம் ஏறி நின்று, பாஸ் கிளம்பும்போது தன்னைத் தாண்டி நிற்கும் எதிரணி ஆளை ஆஃப்சைடில் மாட்டவைப்பது. மேட்ச் பார்த்தவரும் அதையே சொல்கிறார், பார்க்காதவரும் அதையே சொல்கிறார். எனக்கு இது ஒத்துவரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அரையிறுதிக்கு இரண்டு மேட்ச், அதாவது இரண்டு லெக்; இரண்டிலும் சேர்த்து இன்டர் போட்டது 7 கோல். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பார்சிலோனாவில் 3–3 என முடிந்த முதல் லெக்கில் ஆட்டம் தொடங்கி 30 வினாடியில் துராம் குதிகாலால் தட்டினாரே, அது டம்ஃபிரைஸ் வலப்பக்கத்தில் இருந்து கொடுத்த கிராஸ். அடுத்து டம்ஃபிரைஸ் போட்ட இரண்டும் கார்னரில் இருந்து வந்தவை. கார்னருக்கு எல்லோரும் பெனால்டி பெட்டிக்குள்தான் நிற்கிறார்கள், அங்கே ஹை லைன் எங்கே வந்தது? நேற்று ராத்திரி முதல் கோல், ஓல்மோ பந்தைப் பறிகொடுத்தார், டிமார்கோ உடனே முன்னால் தள்ளினார், டம்ஃபிரைஸ் ஓடிப்போய் குறுக்கே கொடுக்க, லவுட்டாரோ காலி கோலில் தட்டினார். சரி, இதில் லைனுக்குப் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது பெனால்டி, கூபார்சி சறுக்கியது, வி.ஏ.ஆர் (வீடியோ ரெஃபரி) பார்த்துக் கொடுத்தது. மூன்றாவது 90+3ல் அச்செர்பி. நான்காவது 99ல் ஃப்ரட்டேசி. கடைசி இரண்டிலும் நம் ஆட்கள் பெட்டிக்குள் போதுமான அளவுக்கு நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

என் கட்சி இதுதான்: 87வது நிமிடத்தில் ரஃபின்யா 3–2 ஆக்கிய பிறகு ஆட்டத்தை மூடத் தெரியாமல் போனதுதான் நம்மைத் தோற்கடித்தது. அதுவும் வழக்கமான இரண்டு ஃபுல் பேக்கும் (ஓரத்து டிஃபென்ஸ் ஆட்கள்) இல்லாத அணி. வலதில் கூண்டே இல்லை, முதல் லெக்கிலேயே காயம். இடதில் பால்டே இல்லை. எரிக் கார்சியாவும் ஜெரார்ட் மார்ட்டினும் ஆடினார்கள். அந்த இருவரும் சேர்ந்து 0–2ல் இருந்து மேட்சைத் திருப்பியதை யாரும் பேசவில்லை. முதல் கோலுக்கும் இரண்டாவது கோலுக்கும் கிராஸ் கொடுத்தது ஜெரார்ட் மார்ட்டின், முதல் கோலைப் போட்டது எரிக் கார்சியா.

ரியல் மாட்ரிட்காரர்களும் வாங்க, ஆனால் காரணத்தோடு பேசுங்கள்.

ஈரோடு வெள்ளைச்சட்டை

காரணத்தோடேயே பேசுகிறேன் தம்பி. மாட்ரிட் ரசிகன்தான், ஆனால் நேற்று உங்கள் யமால் ஆடியதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணக்கில் ஓட்டை எங்கே என்றால், பந்து டிஃபென்ஸுக்குப் பின்னால் விழுந்து அதில் நேராகக் கோல் வந்தால் மட்டும்தான் அது ஹை லைன் கோல் என்று வைத்திருக்கிறீர்கள். அப்படிக் கிடையாது. ஹை லைனுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை 20வது நிமிடத்தில் கேட்க மாட்டார்கள், 90க்கு மேல்தான் வசூலிப்பார்கள். எதிரணி ஒவ்வொரு முறை பந்தைத் தூக்கிப் போடும்போதும் உங்கள் நான்கு பேரும் நாற்பது மீட்டர் திரும்பி ஓட வேண்டும். ஆஃப்சைட் கொடி எழும்பினாலும் ஓடியது ஓடியதுதான். அந்தக் கால்கள்தான் எக்ஸ்ட்ரா டைமில் நின்றன. அரவுஹோ மாற்று ஆளாக வந்தவர், அவர் களைத்துப்போனார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துராம் வலது ஓரத்தில் அவரை உடம்பால் தள்ளிக்கொண்டு திரும்பியபோது பக்கத்தில் உதவிக்கு ஓடிவர ஒருத்தர் இல்லையே, அது ஏன்? மிட்ஃபீல்டில் இருந்து திரும்பி ஓட யாருக்கும் மூச்சு இல்லை. துராம் கொடுத்தார், தாரேமி நிறுத்தித் தள்ளினார், ஃப்ரட்டேசி நிதானமாக ஓரத்தில் வைத்தார். பெட்டிக்குள் ஆள் இருந்தது என்கிறீர்கள். ஆள் இருந்தது, அருகில் போன கால் இல்லை.

அப்புறம் முதல் லெக்கில் 3–3 ஆன பிறகு மிகிதாரியன் ஒரு கோல் போட்டார், மறந்துவிட்டீர்களா? கால் விரல் அளவு ஆஃப்சைடில் ரத்தானது. அந்த ஒரு விரல் பின்னால் இருந்திருந்தால் நேற்று ராத்திரி நீங்கள் வேறு மேட்ச் ஆடியிருப்பீர்கள். ஒரு சீசன் முழுவதும் ஒரு விரல் கணக்கில் தப்பிப்பது திட்டமாகாது. அரையிறுதியில் 7 கோல் வாங்கிவிட்டு டிஃபென்ஸில் தப்பே இல்லை என்று சொன்னால் எப்படிங்க?

திருப்பூர் பார்சா

அண்ணா, இந்த லைனை வைத்துத்தான் இந்த சீசனில் உங்களை மூன்று முறை அடித்தோம். அக்டோபரில் உங்கள் மைதானம் பெர்னபேயுவிலேயே 4–0. ஜனவரியில் ஜெட்டாவில் ஸ்பானிஷ் சூப்பர் கப் ஃபைனலில் 5–2. பத்து நாளுக்கு முன்னால்தான் ஸ்பெயினின் கோப்பா டெல் ரே ஃபைனலில் 3–2, 116வது நிமிடத்தில் கூண்டே. அந்த அக்டோபர் மேட்சில் எம்பாப்பே மட்டும் 8 முறை ஆஃப்சைடில் மாட்டினார். அப்போது இது மேதைத்தனம், நேற்று இது முட்டாள்தனமா?

ஈரோடு வெள்ளைச்சட்டை

அந்த மூன்றும் கணக்கில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. 12 கோல் வாங்கினோம். ஆனால் எங்கள் ஆட்டத்தையும் இன்டர் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அக்டோபரில் எம்பாப்பேயும் வினிசியஸும் உங்கள் கடைசி ஆளின் தோளோடு தோள் ஒட்டி நின்று அங்கிருந்தே ஓடினார்கள். பந்து உதைக்கப்படுவதற்கு அரை நொடி முன்னால் லைன் மேலே ஏறினால் போதும், மாட்டினார்கள்.

இன்டர் கோச் இன்சாகி அப்படி ஆடவில்லை. துராமும் லவுட்டாரோவும் முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கக் கீழே இறங்கினார்கள். கூபார்சியும் இனிகோவும் அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். அந்த இடத்துக்குள் ஓடி வந்தவர் டம்ஃபிரைஸ். எங்கிருந்து? பின்னால் இருந்து. பந்துக்குப் பின்னால் இருந்து புறப்பட்டு வருகிறவரை எந்த லைனாலும் ஆஃப்சைடில் பிடிக்க முடியாது. நேற்றைய முதல் கோலை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், டிமார்கோ பந்தை வெட்டும்போது டம்ஃபிரைஸ் எங்கே நிற்கிறார், எப்போது புறப்படுகிறார் என்று மட்டும் பாருங்கள். எங்கள் கோச் மூன்று மேட்சில் கண்டுபிடிக்காததை இன்சாகி இரண்டு மேட்சில் செய்து காட்டிவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

பொள்ளாச்சி நெராசூரி

அப்பாடா, கடைசியில் ஒருத்தராவது இன்டர் என்ன செய்தது என்று பேசினாரே. காலையில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், "பார்சா தோற்றது", "பார்சா விட்டது", "பார்சாவுக்கு ரெஃபரி அநியாயம்". ஜெயித்தவர்களுக்குப் பெயரே இல்லையா?

2010ல் இருந்து இன்டர் பார்க்கிறேன். அந்த வருஷமும் இதே பார்சா, இதே அரையிறுதி. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து விமானமெல்லாம் நின்றுபோய் பார்சா மிலானுக்கு பஸ்ஸில் வந்தது. சான் சிரோவில் 3–1 ஜெயித்தோம். பார்சிலோனாவில் தியாகோ மோட்டாவை முதல் பாதியிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள், பத்து பேராக நின்று 0–1 மட்டும் விட்டுக்கொடுத்து ஃபைனல் போனோம், கோப்பையும் தூக்கினோம். அப்போதும் எல்லோரும் பார்சா எப்படித் தோற்றது என்றுதான் எழுதினார்கள்.

இந்த அணி முதல் லெக்குக்குப் பார்சிலோனா போனபோது என்ன நிலையில் இருந்தது தெரியுமா? அதற்கு முந்தைய மூன்று மேட்சிலும் தோல்வி. போலோன்யா, மிலான், ரோமா. மூன்றிலும் சேர்த்து ஒரு கோல்கூட இல்லை. இத்தாலியன் கப்பில் மிலானிடம் 0–3. பவாருக்குக் காயம், அவர் இடத்தில் பிஸ்செக். லவுட்டாரோ முதல் லெக்கில் பாதியில் காயத்தோடு வெளியேறியவர், நேற்று ஆடுவாரா என்றே தெரியாது. ஆடினார், ஒரு கோல், பெனால்டி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

டம்ஃபிரைஸ் இரண்டு லெக்கிலும் சேர்த்து 2 கோல், 3 அசிஸ்ட். 7ல் 5. ஒரு விங் பேக்! அவர் பெயரை இந்தத் திரியில் நிமிர்ந்து பாராட்டியது ஒரு மாட்ரிட்காரர்.

அச்செர்பிக்கு 37 வயது. கேன்சரில் இருந்து மீண்டு வந்து ஆடுகிறவர். இடதுகால் ஆட்டக்காரர், ஸ்டாப்பர், அதாவது டிஃபென்ஸின் நடுவில் நிற்பவர். 93வது நிமிடத்தில் அவருக்குப் பெட்டிக்குள் என்ன வேலை? யாரும் போகச் சொன்ன மாதிரி தெரியவில்லை, தானாகப் போனார். டம்ஃபிரைஸ் பந்தை அடித்ததும் டிஃபென்ஸுக்கு முன்னால் பாய்ந்து, வலது காலால், கோல்போஸ்ட் கூரையைப் பார்த்து ஒரே அடி. ஒரு ஸ்ட்ரைக்கர் அடித்தால்கூட பத்தில் இரண்டு தடவைதான் அப்படி விழும். இதை "பார்சா மூடத் தெரியாமல் விட்டது" என்று எழுதினால் மனசு வலிக்கிறது.

மாற்று ஆட்களையும் பாருங்கள். ஜெயித்த கோலைச் செய்த தாரேமி, ஃப்ரட்டேசி இருவருமே பெஞ்சில் இருந்து வந்தவர்கள். ஃப்ரட்டேசி போன ரவுண்டில் மியூனிக்கில் பயர்னுக்கு எதிராகவும் 88வது நிமிடத்தில் இதே வேலையைச் செய்தார். கடைசி அரைமணிக்கு யார் தேவை என்று இன்சாகிக்குத் தெரிந்திருக்கிறது.

நாமக்கல் கோலி

நான் கோல்கீப்பர், அதனால் கோல்கீப்பர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இன்டர் கீப்பர் சோமருக்கு 36 வயது, ஆள் உயரமும் இன்றைய கீப்பர்கள் அளவுக்குக் கிடையாது. எரிக் கார்சியா முதல் கோல் போட்ட கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாய்ப்பு வந்தது ஞாபகம் இருக்கிறதா? மறுபடியும் இடப்பக்கத்தில் இருந்து பந்து குறுக்கே வருகிறது, எரிக் கார்சியா தனியாக, கோலுக்கு சில அடி தூரத்தில். அரங்கமே கோல் என்று நினைத்துவிட்டது. சோமர் அப்போதுதான் முதல் கம்பத்தை மூடிவிட்டுத் திரும்புகிறார். பந்தை நோக்கிப் போகவில்லை, பந்து எங்கே போய்ச்சேருமோ அந்த இடத்துக்குக் குறுக்கே பாய்ந்தார். இது பழகியதால் வரும், யோசித்தால் வராது. கிராஸ் ஓரத்தில் இருந்து கிளம்பிவிட்டால் பந்தைப் பார்த்துக்கொண்டே கால் மறுபக்கம் நகரத் தொடங்கிவிட வேண்டும், உதைக்கிறவனின் காலைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றால் முடிந்தது கதை. எக்ஸ்ட்ரா டைமில் யமால் உள்ளே வெட்டி வந்து தூரக் கம்பத்துக்குச் சுழற்றியதை விரல் நுனியில் தட்டினாரே, அதைவிட எனக்கு இது பெரிய சேவ். ஆட்ட நாயகன் பட்டம் அவருக்குக் கொடுத்தது மிகச் சரி.

பார்சா கீப்பர் ஷெஸ்னியைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தவர். பார்சாவின் முதல் கீப்பர் டேர் ஸ்டேகன் முழங்கால் போனதும் திரும்ப அழைத்து வந்தார்கள். ஹை லைன் அணிக்குக் கீப்பர் ஆடுவது தனி வேலை, பெட்டியின் விளிம்பில் நின்றுகொண்டே இருக்க வேண்டும், பாதி நேரம் நீங்கள் கீப்பர், பாதி நேரம் டிஃபென்ஸுக்குப் பின்னால் விழும் பந்தைத் துடைக்கும் ஸ்வீப்பர். வாழ்நாள் முழுக்க கோட்டில் நின்று பழகிய ஆளை 34 வயதில் அங்கே நிறுத்தினார்கள், அவரும் நின்றார். நேற்று வாங்கிய நாலில் எதையும் அவர் தலையில் கட்ட மாட்டேன்.

சோமனூர் ஸ்டாப்பர்

காலேஜ் காலத்தில் ஸ்டாப்பர் பேக் ஆடியவன், இப்போது வாரக் கடைசியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஹை லைன் நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கமும் அடித்துக்கொள்கிறீர்கள். நான் பார்த்தவரை கேள்வியே அது கிடையாதுங்க. லைன் எங்கே நிற்கிறது என்பதைத் தனியாகப் பேசவே முடியாது. பந்து வைத்திருக்கிறவன் மேல் அழுத்தம் இருக்கிறதா இல்லையா, அதைப் பொறுத்துத்தான் லைன்.

பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். எதிரணி ஆள் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கிறானா, மேலே ஏறு. தலையை நிமிர்த்தி முன்னால் பார்க்கிறானா, இறங்கு. அவன் தலை நிமிர்ந்துவிட்டது என்றால் அவனை யாரும் நெருங்கவில்லை என்று அர்த்தம். நெருங்காதபோது லைனை மேலே வைத்தால் அவன் விரும்பிய இடத்தில் போடுவான். நெருங்கினால் அவசரத்தில் உதைப்பான், ஆஃப்சைடில் விழும். ஃபிளிக்கின் திட்டம் முழுவதும் முன்வரிசையில்தான் இருக்கிறது. ரஃபின்யா, ஃபெரான், ஓல்மோ இவர்கள் பாய்கிற வரைக்கும்தான் கூபார்சி அங்கே நிற்க முடியும். அவர்களில் ஒருத்தர் ஒரு நொடி பிந்தினாலும் எல்லாம் போச்சு. எங்கள் ஊரில் பாவில் ஒரு இழை அறுந்தால் தறியையே நிறுத்தித்தான் முடிச்சுப் போட வேண்டும், ஓடட்டும் என்று விட்டால் துணி முழுக்கப் பழுதாகும். இதுவும் அதே கணக்கு.

நேற்று முதல் பாதியில் அந்த அழுத்தம் இல்லை. இன்டர் பின்னால் மூன்று பேர், முன்னால் சல்ஹானோலு. பார்சாவின் முதல் வரிசை யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறியது. பஸ்தோனிக்குத் தலை நிமிர்த்தி ஆட நேரம் கிடைத்தது. இரண்டாவது பாதியில் பாருங்கள், பார்சா பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடியே மேலே பாய்ந்தார்கள், இன்டரால் பெட்டியை விட்டு வெளியே வர முடியவில்லை. அதே லைன். அதே உயரம். ஒரு பாதியில் 0–2, மறுபாதியில் 87வது நிமிடம் வரை 3–0. ஆக லைனைக் குற்றம் சொல்கிறவர்களும் சரி, லைனுக்குச் சம்பந்தமே இல்லை என்கிறவர்களும் சரி, முன்வரிசையை மறந்துவிடுகிறீர்கள்.

திருப்பூர் தம்பி சொன்ன "மூடத் தெரியவில்லை" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 92வது நிமிடம், 3–2, யமாலிடம் பந்து. எதிரில் காலி மைதானம். கார்னர் கொடிப்பக்கம் கொண்டுபோய் நின்றிருந்தால் ஒரு நிமிடம் கரைந்திருக்கும். அடித்தார், கம்பத்தில் பட்டது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் அச்செர்பி.

சிங்காநல்லூர் கேலரி

அண்ணா, மற்றதெல்லாம் சரி, ஆனால் யமாலை இதில் இழுக்காதீர்கள். 17 வயது. முதல் லெக் அவருக்கு பார்சாவுக்கான 100வது ஆட்டம். இரண்டு லெக்கிலும் டிமார்கோ, பஸ்தோனி, மிகிதாரியன் என்று சுற்றி நின்றார்கள், நேற்று 55வது நிமிடத்தில் டிமார்கோவை வெளியே எடுத்து கார்லோஸ் அகுஸ்டோவை இறக்கியதே இவருக்காகத்தான். அப்படிப்பட்ட ஆளுக்குக் கோல் தெரிகிறது, அடிக்கிறார், கம்பத்தில் படுகிறது. இரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தால் 4–2, இந்தத் திரியே கிடையாது.

எனக்குக் கால்பந்து பிடித்ததே நம்ம நேரு ஸ்டேடியத்தில்தான். 2019 மார்ச் 9, சென்னை சிட்டி கடைசி மேட்ச், எதிரே மினர்வா பஞ்சாப். பெயரில் சென்னை, ஆடியது கோவையில், வந்து கத்தியதெல்லாம் நாம்தான். ஜெயித்தால்தான் இந்தியாவின் ஐ லீக் பட்டம், ஏனென்றால் அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு பாயின்ட் பின்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தது. தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். இடைவேளைக்கு அப்புறம்தான் மான்சி பெனால்டி, பிறகு கவுரவ் போரா ஒன்று போட்டு 2–1. அந்த நேரத்தில் கேலரியில் பாதிப் பேர் "இறங்குடா, பின்னால் நில்லுடா" என்று கத்துகிறார்கள். டிரா ஆனால் கோப்பை போய்விடும். அக்பர் நவாஸ் அணி இறங்கவில்லை. அந்த சீசன் முழுவதும் எப்படி ஆடினார்களோ அப்படியே பந்தைத் தரையில் வைத்து ஆடினார்கள், கடைசி நிமிடங்களில் போராவே மூன்றாவதையும் போட்டார். 3–1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, 43க்கு 42 என்று பட்டம் நமக்கு. அன்று பின்னால் இறங்கி நின்று ஒரு கோல் வாங்கியிருந்தால் இன்று யார் அந்த அணியை நினைவில் வைத்திருப்பார்கள்? அடித்து ஆடுகிற அணி கடைசி வரை அடித்துத்தான் ஆட வேண்டும், பாதியில் வேறு அணியாக மாறச் சொன்னால் இரண்டும் இல்லாமல் போகும்.

ஈரோடு வெள்ளைச்சட்டை

அந்த மேட்சுக்கு நானும் வந்திருந்தேன், நல்ல நினைவு. ஆனால் மினர்வா வேறு, சான் சிரோவில் இன்டர் வேறு. மினர்வாவிடம் பெஞ்சில் தாரேமியும் ஃப்ரட்டேசியும் இல்லை.

சாம்பியன்ஸ் லீக்கை 15 முறை தூக்கிய கிளப்பின் ரசிகனாகச் சொல்கிறேன், எங்கள் அணி அழகாக ஆடி ஜெயித்ததைவிட அசிங்கமாக நின்று ஜெயித்ததுதான் அதிகம். பந்தை ஸ்டேண்டுக்கு உதைப்பது, த்ரோவுக்கு நடந்து போவது, ஃபவுல் வாங்கிக் கீழே கிடப்பது, இதெல்லாம் ஆட்டத்தின் பகுதிதான். நீங்கள் கடைசியாகத் தூக்கியது 2015. அதற்கப்புறம் 2018ல் ரோமா, 4–1 முன்னிலையில் போய் 0–3. 2019ல் லிவர்பூல், 3–0 முன்னிலையில் போய் 0–4. கோச் மாறுகிறார், ஆட்கள் மாறுகிறார்கள், முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாதது மட்டும் மாறவில்லை. இதை எதிரியாகச் சொல்லவில்லை, நல்ல அணி வீணாகிறதே என்ற ஆதங்கத்தில் சொல்கிறேன்.

திருப்பூர் பார்சா

ரோமாவையும் லிவர்பூலின் ஆன்ஃபீல்டையும் இதோடு சேர்க்காதீர்கள் அண்ணா, அது உண்மையாகவே எரிகிறது. அந்த இரண்டு மேட்சிலும் அணி பயந்து உறைந்து நின்றது. லிவர்பூலின் நாலாவது கோலில், கார்னர் எடுப்பதைக்கூடப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றார்கள். நேற்று 0–2ல் இடைவேளைக்குப் போனவர்கள் திரும்பி வந்து 54ல் ஒன்று, 60ல் ஒன்று, 87ல் ஒன்று போட்டார்கள். இரண்டு லெக்கிலும் பின்தங்கி, இரண்டு லெக்கிலும் எழுந்து வந்த அணி. அந்தக் கோழைத்தனம் இந்தப் பையன்களிடம் இல்லை. அதுதான் எனக்கு வேண்டியது.

ரெஃபரி பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். சரி, பொள்ளாச்சி அண்ணன் எடுத்ததால் கேட்கிறேன். அச்செர்பி கோலுக்கு முன்னால் டம்ஃபிரைஸ் ஜெரார்ட் மார்ட்டினிடம் பந்தைப் பறித்தாரே, அது ஃபவுல் இல்லையா?

பொள்ளாச்சி நெராசூரி

காலில் பட்டிருக்கலாம், ஆனால் முதலில் பந்துக்குத்தான் போனார். 93வது நிமிடத்தில் தன் பெட்டிக்குப் பக்கத்தில், ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு பந்தைக் காப்பாற்றப் பார்த்தவர் மார்ட்டின். அங்கே வெளியே உதைத்திருந்தால் கேள்வியே இல்லை. யமாலுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டுப் பிறகு பெட்டிக்கு வெளியே என்று மாற்றினார்கள், அதையும் திரும்பிப் பாருங்கள், கோட்டுக்கு வெளியேதான் தொடர்பு. ரெஃபரி இரண்டு பக்கமும் கஷ்டமான ராத்திரி ஆடினார்.

பார்சா பயமில்லாமல் ஆடியது என்பதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். இரண்டு லெக்கில் 13 கோல். இப்படி ஒரு அரையிறுதியில் நம்ம அணி ஜெயித்த பக்கம் நின்றதற்காகக் காலையில் பேக்கரியில் டீ குடிக்கிறவர்களுக்கெல்லாம் நான்தான் காசு கொடுத்தேன். அதில் இரண்டு பேர் பார்சா டீ-ஷர்ட்டில் இருந்தார்கள்.

சோமனூர் ஸ்டாப்பர்

மார்ட்டின் விஷயத்தில் பொள்ளாச்சியார் சொல்வதுதான் சரி. ஓரத்தில் அழுத்தம் வந்தால் பந்து வெளியே. 12 வயதுப் பையனுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு நொடிக்காக மார்ட்டினைச் சமூக ஊடகத்தில் போட்டு மிதிக்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. இரண்டு கோலுக்குக் கிராஸ் கொடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஸ்பானிஷ் லீக்கில் பார்சாவும் மாட்ரிட்டும் மோதுகிற மேட்ச். புள்ளியில் பார்சா 79, மாட்ரிட் 75. மேட்ச் பார்சிலோனாவில். 120 நிமிடம் ஓடிய கால்களோடு நாலு நாளில் எம்பாப்பேயையும் வினிசியஸையும் பிடிக்க வேண்டும். நான் கோச்சாக இருந்தால் லைனை இறக்க மாட்டேன், முதல் வரிசையில் புதுக் கால்களைப் போடுவேன். அழுத்தம் இருந்தால் லைன் தானாக நிற்கும். ஈரோட்டுக்காரரே, உங்கள் பக்கம் பின்னால் யார் இருக்கிறார்கள்?

ஈரோடு வெள்ளைச்சட்டை

அதைத்தான் யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கார்வஹால் இல்லை, மிலிட்டாவோ இல்லை, ரூடிகருக்கு ஆபரேஷன், அலபாவும் இல்லை. நடுவில் அசென்சியோவும் மிட்ஃபீல்டில் இருந்து இறக்கிய சுவாமேனியும்தான் நின்றாக வேண்டும். அதை வைத்துக்கொண்டு யமாலையும் ரஃபின்யாவையும் பிடிப்பது கஷ்டம், மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் முன்னால் ஒன்று மட்டும் செய்யச் சொல்வேன். எம்பாப்பே கடைசி ஆளோடு ஒட்டி நிற்கக்கூடாது. பெல்லிங்காம் கீழே இறங்கி கூபார்சியை இழுக்கட்டும், எம்பாப்பே இடது ஓரத்தில் பத்து மீட்டர் பின்னால் நின்று, பந்து கிளம்பும்போது வளைந்து ஓடி வரட்டும். டம்ஃபிரைஸ் இரண்டு லெக்கிலும் வலப்பக்கம் காட்டியதை எங்களிடம் இடப்பக்கம் செய்ய ஆள் இருக்கிறது. அந்த ஒன்றைச் செய்தால் முதல் கால்மணிக்குள் கோல் வரும் என்று நினைக்கிறேன்.

திருப்பூர் பார்சா

வரட்டும். நீங்கள் ஒன்று போட்டால் நாங்கள் இரண்டு போடுவோம். ஞாயிறு மேட்ச் ராத்திரி ஏழே முக்கால், தூக்கம் கெடாது. அவிநாசி ரோட்டில் நாங்கள் வழக்கமாக ஆடும் டர்ஃபில் ஸ்கிரீன் கட்டச் சொல்கிறேன், ஈரோட்டில் இருந்து கிளம்புகிறவர்கள் ஆறரைக்கே வந்துவிடுங்கள், ஐந்துக்கு ஐந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பார்க்கலாம். நாமக்கல் கோலி எங்கள் பக்கம்.